ஆப்பிள் மரங்களை வெட்டிய பிறகு

வெர்மான்ட், அக்டோபர் 1831

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையில் கட்டு; இடது கையால் எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். தேவாலயத்தில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் உன் அப்பா எல்லார் முன்னாலும் அழுது, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். மறுநாளே கோடரியை எடுத்து நம் ஆப்பிள் மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார். அந்தப் பழங்களை யார் தின்றார்கள்? பிழிந்து, புளிக்கவைத்துக் குடிக்கத்தானே வளர்த்தோம். நீ பிறந்தபோது நட்ட மரத்தையும் விடவில்லை.

"பாவத்தை வேரோட அறுத்துட்டேன்!" என்று கத்தினார். பார்க்கக் கூடியிருந்த சபையார் பாடினார்கள். பக்கத்துப் பண்ணை மெஹிடபிள், "நீ குடுத்துவச்சவடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அன்றுமுதல் அவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மூன்று வேளையும் ஜெபம். சனிக்கிழமை ஜெபத்தின் நடுவே நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

முன்பெல்லாம் அவர் கை ஓங்கினால், "அவர் இல்லடி, உள்ள போனது பண்ற வேலை" என்று உனக்குச் சொல்வேன். எனக்கும் சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்லிக்கொள்ள அதுவும் இல்லை.

அப்பாதான் திருந்திவிட்டாரே, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நெசவாலையிலேயே இரு, கண்ணே.

உன் அம்மா