மாமரத்து அம்மன்

16.7.86
காற்று, புழுதி. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் பாதி முடிந்தது. வண்டுக்கு எட்டுக் கால் என்று ஒரு மகா அறிவாளி.
மாலை சைக்கிளில் அடி அண்ணாமலை, தங்கை சரோஜா வீடு. வாசல் மாமரத்தில் இரண்டு மாதமாகப் பழுப்பு நீர் ஒழுகுகிறதாம். அம்மன் அழுகிறாளாம்! தண்டுக்கு மஞ்சள், குங்குமம், சிவப்புச் சேலை. சேலைக்கடியில் மரத்தூள். நீளக் கொம்பு வண்டின் வேலை. தாய் பட்டையைக் கடித்து முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்னும். சொன்னேன்.
"வாத்தியாருக்கு எங்க பாத்தாலும் புழுதான்" என்றான் டீக்கடைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

18.7
மறுபடி போனேன். ஒரு கிளை காய்ந்துவிட்டது. விட்டால் அடுத்த கோடைக்கு மரம் இருக்காது. புருஷன் ஓடிப்போய் ஆறு வருடம். மாங்காய்தான் இவளுக்குச் சோறு. ஓட்டையில் கம்பி விட்டுப் புழுவை இழுத்துவிடலாம் என்றேன்.
"கம்பி கிம்பி எடுத்துனு வந்துடாதண்ணா. சாமி குத்தம்."
மூளையைக் கழற்றிக் குங்குமத் தட்டில் வைத்திருக்கிறாள்.

21.7 பௌர்ணமி
கூட்டம். பேண்ட் போட்ட ஒருவர் புழு தள்ளிய தூளை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். படித்தவராம். பூச்சிப் பீ, ஐயா அது!
"அம்மா, திருநீறு குடுங்கம்மா" என்று சரோஜா காலில் வேறு விழுகிறார்கள். இவள் அம்மாவாம். தூ.

23.7
காலை ஆறு மணி. சரோஜா பால் வாங்கப் போன நேரம். சைக்கிள் கம்பி, மண்ணெண்ணெய்ப் பஞ்சு, களிமண். மூன்று ஓட்டை. விரல் நீளப் புழு, கொழுகொழுவென்று. குத்தி இழுத்தபோது அப்படி ஒரு சந்தோஷம். ஓட்டைகளை அடைத்துச் சேலையைச் சுற்றிவிட்டேன்.
வாங்க: சவர பிளேடு, வெங்காயம், சிவப்பு மை.

9.8
ஒழுகல் நின்றது. புதுத் தூள் இல்லை.
"அம்மன் மலையேறிட்டா" என்கிறான் டீக்கடைக்காரன். முட்டாள்.

19.8 பௌர்ணமி
வெயில். மரத்தடியில் ஒருவரும் நிற்கவில்லை. கிளையில் புதுத் துளிர். களிமண் அடைப்பைச் சரோஜா பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை.
"புழுன்னு எனக்கும் தெரியும்ணா. ஆறு வருஷமா ஓடிப்போனவன் பொண்டாட்டினுதான் கூப்புட்டாங்க. இந்த மூணு மாசந்தான் அம்மானு கூப்புட்டாங்க."
போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.