ஜெனரேட்டர் கடைக்குப் போன கிரைண்டர்

அன்பின் வாப்பாவுக்கு ஸலாம். படைத்தவன் அருளால் சீகிரியாவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் தோசைக் கடை எதற்கு, நம் ஊர் உக்குவளைக்கே வந்துவிடு என்றீர்கள். அதனால்தான் ஜெனரேட்டர் வாங்கப் போனேன். கடைக்கார நானா சின்னது ஒன்றைக் காட்டி, "இது போதும் தங்கச்சி. வெளங்காட்டி மாப்பிள்ளயக் கூட்டிட்டு வாங்க" என்றார். மறுநாள் மாப்பிள்ளைக்குப் பதிலாகக் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிப்போய் அந்தச் சின்ன ஜெனரேட்டரில் மாட்டினேன். பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டதும் ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டது.

"மோட்டார் கெளம்புறப்போ மூணு மடங்கு கரண்ட் இழுக்கும் நானா. பெரிசக் காட்டுங்க" என்றேன்.

பெரியது சளைக்காமல் ஓடியது. பில்லை என் பெயரிலேயே எழுத வைத்தேன்.

தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு எனக்குப் போன் எடுங்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனால் மறுபடியும் எடுங்கள். திரும்பி வா என்று சொல்ல மட்டும் எடுக்காதீர்கள்.

மகள் நுஸ்லா