பதினொரு ஞாயிறு

பூண்டுலோயா

நம் மகள் நிலக்ஷியின் அம்மாவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் குவைத்துக்கு எழுதுகிறேன்.

மகள் படிக்கட்டும் என்று நம் லயத்து வீட்டு ரவுட்டரில், சில தளங்களைத் திறக்கவிடாத டிஎன்எஸ் தடுப்பு வைத்தேன். கூடாத தளங்களோடு, பையன்களிடம் பேசுவாளோ என்று வீடியோ அழைப்புச் செயலியையும் தடுத்தேன். நீ அழைப்பதும் அதில்தான் என்று உறைக்கவில்லை.

"அம்மாவுக்குப் போகவே மாட்டேங்குதுப்பா" என்றாள். "பனிமூட்டம், சிக்னல் இருக்காது, படி" என்றேன்.

"மக ஏன் எடுக்க மாட்டேங்குறா?" என்று என் போனில் நீ கேட்டாய். "விட்டுட்டுப் போனவ மேல கோவம் இருக்காதா?" என்றேன்.

அவள் எதையெல்லாம் திறக்கப் பார்த்தாள் என்று இன்று தடுப்புப் பதிவில் பார்த்தேன். கூடாத தளம் ஒன்றுகூட இல்லை. ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு, நீ அழைக்கும் நேரத்தில், அந்தச் செயலி மட்டும். பதினொரு ஞாயிறு.

அதற்குப் பின் வந்த மூன்று ஞாயிறு அதுவும் இல்லை.

தடுப்பை எடுத்துவிட்டேன். நீயே முதலில் அவளைக் கூப்பிடு.

உன் வீட்டுக்காரன்