நான் அடித்துவிட்ட வரி

ஜனவரி 7, 1959. புதன்.
காலையில் கடும் பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. என்ஜினீயர் சங்கத்து நீரியக்கக் குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்த வருஷமும் செயலாளர் நான்தான். செய்ய வேண்டியவை:
— உறுப்பினர்களுக்குக் கடிதம். தலைவருக்குத் தனியாக, பெரிய எழுத்தில்.
— வந்த கட்டுரைகள் மூன்று. டைப்புக்கு.
— ஆபீஸ் பின்கொட்டகையில் சோதனைத் தொட்டி கசிகிறது. தார் பூச வேண்டும்.
— ஆலங்குடிப் பக்கத்துக் கண்மாய் உடைப்பு. அறிக்கை.
கடைசியை மட்டும் தொடவில்லை. "தட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, சாப்பிடலையா?" என்று கமலம் கேட்டாள். சளி என்றேன்.

ஜன. 9. வெள்ளி.
உடைப்பு பற்றி மேலிடத்துக் குறிப்பு வந்துவிட்டது. ஒரே பக்கம். கண்மாயின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கில், நட்ட கற்களுக்கு நடுவே, தண்ணீர் கூடுதலாகத் தேங்கட்டும் என்று குடியானவர்கள் மண் அடைத்திருந்தார்களாம். மழை வந்தபோது கண்மாய்க் காவலர் சின்னையா அதை எடுக்கவில்லையாம். குடித்துவிட்டுத் தூங்கியிருக்கலாமாம். அதனால் நீர் ஏறிக் கரை உடைந்து, அவரும் அதில் போனார். "நம் ஆண்டறிக்கையில் சேர்க்கவும்."

பொய். உடைந்த மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். கற்களுக்கு நடுவே ஒரு பிடி மண் இல்லை. வெட்டி எடுத்த மண் முழுதும் மேட்டில் குவிந்து கிடந்தது, பக்கத்தில் மண்வெட்டி. வெள்ளம் அந்த மண்ணை அடித்துப் போயிருந்தால் அது மேட்டில் எப்படி ஏறும்? பென்சிலால் அப்போதே குறித்து வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை.

ஜன. 10. சனி.
எழுதிவிட்டால் இது என்னை விடுமோ என்று எழுதுகிறேன்.

செப்டம்பரில் அந்தக் கலிங்கைப் பார்க்கப் போனேன். கையில் குழு அச்சிட்ட அட்டவணை, எவ்வளவு நீர் வந்தால் எவ்வளவு உயரம் ஏறும் என்பது. நான் தயாரித்தது. அதை வைத்துக் கரைக்கல்லில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். சின்னையா பக்கத்தில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். மடக்கிய குடை கக்கத்தில்.
"ஐயா, அடைமழை பிடிச்சாலும் இந்தக் கோட்டுக்கு மேல ஏறாதுங்களா?"
"ஏறாது."
"கல்லு நட்டிருக்கே. அது மறிக்காதா?"
"கணக்குப் போட்டாச்சு. போயிரும்."
"ஐயா சொன்னா சரிங்க."

இன்று தபாலாபீஸ் வாசலில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். கக்கத்தில் குடை. அவர் திரும்பும்வரை என்னால் நகர முடியவில்லை. யாரோ. தபால் தலை வாங்காமலே வந்துவிட்டேன். கடிதங்கள் பையிலேயே.

ஜன. 12. திங்கள்.
வெயில் சுள்ளென்று. தொட்டியில் கசிவு நின்றது. அதைச் செய்த தச்சர் காதர் பாயை வரச் சொல்லி, தொட்டிக்குள் இருக்கும் மாதிரி மரக் கலிங்கின் மேல் சின்னச் சின்னக் கட்டைகளைக் கற்கள் மாதிரி நடச் சொன்னேன்.
"போன வருஷமே கேட்டேன் சார், கல்லு வச்சுப் பாக்கலையான்னு. நேரமில்லைன்னீங்க."
அட்டவணைக்காகப் போன வருஷம் விட்ட அதே அளவு தண்ணீர் விட்டோம். கட்டைகளில் முட்டிப் பின்வாங்கி மெல்ல ஏறியது. அப்போது நான் தொட்டியில் போட்ட குறியைத் தொட்டது. நிற்கவில்லை.
"இங்கிட்டு வழியுது சார்."
தண்ணீரை அடைத்தேன். பாய் தரையைத் துடைத்தார். என் செருப்பு நனைந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

இனி மறைக்க என்ன. போன ஆண்டறிக்கையில் அட்டவணைக்குக் கீழே ஒரு வரி இருந்தது: கல் நட்ட கலிங்குக்கு இது பொருந்துமா என்று இன்னும் சோதிக்கவில்லை. எழுதியவன் நான். எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, அச்சுப் பிழை திருத்தும்போது அடித்தவனும் நான். அந்த வரி இருந்தால் யாரும் அட்டவணையை நம்பி எடுக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அடியில் என் பெயர் வருகிற முதல் அட்டவணை.

ஜன. 14. பொங்கல்.
பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கூவினார்கள். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். கமலம் பின்னாலேயே வந்தாள். சொல்லிவிட்டேன், முழுவதும்.
"வேலை போயிருமா?"
"தெரியலை."
கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "அவரு சம்சாரம் பேரு என்ன?"
அதுவும் தெரியவில்லை எனக்கு.

ஜன. 19. திங்கள்.
கூட்டம். மேகமூட்டம். காபி ஆறிப்போய் வந்தது. கட்டுரைகள் மூன்றும் வாசித்தாயிற்று. நான்காவதாக நான் எழுந்தேன். தொட்டிச் சோதனை, பென்சில் குறிப்பு, அடித்த வரி. மூன்றையும் சொல்லி முடித்தேன்.

உறுப்பினர் ஒருவர்: "செத்தவரு வந்து கேக்கப் போறாரா? மேலிடத்துக் குறிப்பை அப்படியே போட்டுட்டு அடுத்த வேலையைப் பாப்போம்."

தலைவர் ஓய்வு பெற்றவர், ஒரு காது மந்தம். என் பக்கம் சாய்ந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த வரியைப் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். அச்சுல அது இல்லைங்கிறதை நான் கவனிக்கலை. கவனிக்காதது என் தப்பு. அடிச்சது ஒங்க தப்பு. ரெண்டையும் அறிக்கையில எழுதுங்க."

முடிவு: அட்டவணை வாபஸ். காவலர் மேல் தவறில்லை என்று பென்சில் குறிப்போடு மேலிடத்துக்குக் கடிதம். செயலாளர் வேலையிலிருந்து நான் விலகல். ஆபீசில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.

வெளியே வந்தபோது சங்கத்து வாசலில் குடையோடு யாரும் நிற்கவில்லை. நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜன. 22. வியாழன்.
காலை பஸ்ஸில் ஆலங்குடி. அங்கிருந்து முந்திரித் தோப்பு வழியாக நடை. பெயர் விசாரித்தேன். மெய்யாயி. ஒரு களத்தில் நான்கைந்து பெண்களோடு செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

யார் என்று சொன்னேன். "அவரு தூங்கலைம்மா. மண்ணையெல்லாம் எடுத்துத்தான் வச்சிருந்தாரு. கணக்குத் தப்பு. நான் போட்டது."

அவர் கை நிற்கவில்லை. செடியைப் பார்த்தபடியே சொன்னார்: "மழை வலுத்ததும் கூப்பிடப் போனேன். கரையை விட்டு வாங்கன்னேன். ஐயா கோடு போட்டிருக்காக, அதுக்கு மேல ஏறாது, நீ போ, நான் வாரேன்னாக."

மற்றப் பெண்கள் பக்கம் தலையை அசைத்துக் காட்டினார்.

"இவுககிட்டயும் சொல்லுங்க. குடிச்சிட்டுக் கெடந்தாகன்னு சொன்னது இவுக வீட்டு ஆம்பளைகதான்."

திரும்பி நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், உரக்க. அந்தப் பெண்களின் கைகள் நின்றுவிட்டன. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. சொல்லிட்டீங்க," என்றார் மெய்யாயி. "இனி இங்கிட்டு வராதீங்க."

கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை. அடுத்த செடிக்கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு ஆயத் தொடங்கியிருந்தார்.