இரண்டு மடங்காய்த் தட்டிய திட்டம்

ஆகஸ்ட் 10, 1985. சனி.

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆபீஸில் ஈ கூட இல்லை.

முட்டிபோட்டுச் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் நான் எழுதுவதைப் பூலோகத்திலும் பரலோகத்திலும் ஒருவரும் நம்ப மாட்டார். நம்புகிறவருக்கு என் சைக்கிள் இனாம், பெல் உட்பட.

மாலையில் ரெஜினா வந்தாள். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் அக்கா மேரியின் மகள். பினாங்கில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருடம். நனைந்த பையிலிருந்து கையெழுத்தில் ஏழு தாள். கடைசி வருடத் திட்டமாம், மூன்று பேர் சேர்ந்து செய்வது. திங்கள் ஐந்து மணிக்குள் டைப் அடித்து லெக்சரர் மேசையில் இருக்க வேண்டும். இந்த எஸ்டேட் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா நான், கிராணி என்பார்கள். கெடா மாநிலத்தின் அதிவேக விரல்கள். நான் தட்டினால் தாளில் புகை வரும். பக்கத்து அறையில் மானேஜர் இருமுவார்.

"என்னடி இது? சில்லுக்குக் கருவின்னு போட்டிருக்கு?"

"சில்லுன்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சிப் மாமா. அதுக்கு நம்பர் மட்டுந்தான் புரியும். நாம எழுதுற சுருக்கச் சொல்ல நம்பரா மாத்துறதுக்கு ஒரு புரோகிராம். அது அசெம்பிளர். லேப்ல சில்லு வச்ச போர்டு ரெண்டுதான், நாங்க அறுபது பேரு. அதனால சில்லு கையில இல்லாமலே சில்லு மாதிரி நடிக்கிற புரோகிராம் இன்னொன்னு. அது சிமுலேட்டர்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கே நாக்கு தள்ளிடும் மாமா. இருபத்துநாலு வாரந்தான் இருக்கு லா."

ஒரு சில்லு. இரண்டு கருவி. மூன்று பேர். எனக்கு ஏமாற்றம். யானை வரும் என்று நின்றால் ஆடு வந்த மாதிரி.

ஆகஸ்ட் 11. ஞாயிறு.

பூசை முடிந்து நேரே ஆபீஸ். ரெ. (ரெஜினா) நேற்றே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கொடுக்கச் சொல்லி. கார்பன் வைத்து மூன்று பிரதி. ரிப்பன் மங்கல், திருப்பிப் போட்டேன்.

ஏழாம் தாளின் அடியில் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று தலைப்புப் போட்டுச் சிலவற்றைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். பெரிய மொழியில் எழுதினால் சில்லின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர். ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கும் கருவி. இரண்டாவதாக வேறொரு சில்லு.

இங்கேதான் என் அனுபவம் பேசியது. எஸ்டேட் எஸ்டிமேட் என்றால் என்ன? பத்துச் சுருள் கம்பி வேண்டுமென்றால் இருபது எழுது. தலைமை ஆபீஸ் சிவப்புப் பேனாவால் பாதியை வெட்டும். பத்து வரும். உள்ளபடி பத்து எழுதியவனுக்கு ஐந்துதான். பாவம் பிள்ளைகள், இந்த உலக நடப்பு தெரியாமல் தேவையானதை மட்டும் எழுதியிருக்கிறார்கள்! அடித்திருந்ததையெல்லாம் உயிர்ப்பித்தேன். 'உலகத்தரம்' என்ற சொல்லை நான்கு இடத்தில் சேர்த்தேன். கடைசித் தாளில் மூன்று பேரும் கையெழுத்துப் போடக் கோடு.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ரெ. முதல் தாளைப் பார்த்து, "அழகா இருக்கு மாமா" என்றாள். மற்றதைப் புரட்டவில்லை. டைப் அடித்தது மாமா அல்லவா.

ஆகஸ்ட் 15. வியாழன். மாதா திருநாள்.

வெயில். மத்தியானம் ஆபீஸுக்கு போன்.

"மாமா, நீங்க என்ன டைப் பண்ணீங்க?"

"ஏன், ஸ்பெல்லிங் தப்பா?"

"எட்டு வேல இருக்கு. நாங்க குடுத்தது ரெண்டு."

"கவலப்படாத. பாதிய வெட்டுவாங்க."

"யாரு வெட்டுவா? லெக்சரர் அப்படியே சைன் பண்ணிட்டாரு. இந்த வருசத்துல இதுதான் பெரிய பிளான்னு கிளாஸ்ல வாசிச்சுக் காட்டுனாரு."

எட்டா? இரண்டு மடங்கு என்றுதானே நினைத்தேன். விரல் விட்டுப் பார்த்தேன். கருவி இரண்டை நான்காக்கினேன். சில்லு ஒன்றை இரண்டாக்கினேன். ஒவ்வொரு சில்லுக்கும் நான்கு. ஐயோ.

"முடிக்காத ஒவ்வொன்னுக்கும் முட்டை மாமா. பாதி முட்டைன்னா பெயில். பெயிலானா ஸ்காலர்ஷிப் நின்னுரும். அப்புறம் பட்டமும் இல்ல ஒன்னும் இல்ல."

"நான் நாளைக்கே பினாங்கு வரேன். லெக்சரர் கால்ல விழுறேன்."

"வராதீங்க!" கத்தினாள். பிறகு மெதுவாக, "வெளியாள் மாத்திட்டாரு, நாங்க படிக்காம கையெழுத்துப் போட்டோம்னு தெரிஞ்சா மூணு பேரையும் தூக்கிடுவாங்க. தயவு செஞ்சு வாயத் தொறக்காதீங்க."

என்னைப் பார்த்து! வாயைத் திறக்காதே என்று!

ஆகஸ்ட் 16. வெள்ளி.

தூக்கமில்லை. மன்னிப்புக் கடிதம் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு கோலா கெத்தில் டவுனுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இங்கே வார விடுமுறை, தபாலாபீஸ் பூட்டு. இத்தனை வருடம் கெடாவில் இருந்தும் மறந்திருக்கிறேன். திரும்பும் வழியில் வாசித்துப் பார்த்தேன். அதிலும் நாற்பது யானை, ஏழு கடல் என்று ஒரே அளப்பு. கிழித்தேன்.

ஆகஸ்ட் 17. சனி.

ரெ. வந்தாள். கூடவே அஸ்மி, திட்டத்தில் கூட்டாளி, குருண் ஊர்ப் பையன். மூன்றாவது கூட்டாளி சூ லின் என்ற பெண் பினாங்கிலேயே லேபில் இருக்கிறாளாம். ஆபீஸ் மேசையில் தாள்களைப் பரப்பினார்கள்.

அஸ்மி ஒவ்வொரு பக்கமாக வாசித்து, தலையில் கைவைத்து, "கீலா லா, பாக்சிக்" என்றான். பைத்தியக்காரத்தனம், மாமா என்று மலாயில் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடிகிறது.

ரெ. என்னிடம் பேசியது மூன்றே தடவை:

"கிராணி சார், பென்சில் இருக்கா?"

"கிராணி சார், ஃபேன் போடுங்க."

"கிராணி சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க."

வெளியே நின்றேன். ஜன்னல் வழியே கேட்டது. எதை முதலில் வெட்டுவது என்று சண்டை. இரண்டாவது சில்லு போகட்டும், ஒரே குரலில். கம்பைலர்? அது மட்டுமே ஒரு வருட வேலை, போகட்டும். நிறுத்தி எட்டிப் பார்க்கும் கருவி? அஸ்மி அதை விடவில்லை. சிமுலேட்டர் எப்படியும் ஒவ்வோர் அடியாகத்தான் போகும், நடுவில் நிற்க வைப்பது பெரிய வேலையில்லை, அது இல்லாவிட்டால் தப்பு எங்கே என்று தேடியே செத்துவிடுவோம் என்றான். கடைசியில் ரெ., "சரி, மூணு" என்றாள். அசெம்பிளர் ரெ., சிமுலேட்டர் அஸ்மி, எட்டிப் பார்ப்பது சூ லின்.

ஆகஸ்ட் 18. ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. பாவமன்னிப்புக் கேட்கப் பயம்.

திருத்திய திட்டம் டைப். நான் நாற்காலியை இழுத்தேன். ரெ. திருப்பித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு விரல். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி. நான்கு பக்கத்துக்கு மூன்று மணி நேரம். என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன், விரல்கள் தாமாகத் துடித்தன.

மாற்றத்துக்குக் காரணம் என்று ஓர் இடம். ரெ.யின் விரல் அங்கே வந்து நின்றது. நான் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தட்டிவிட்டாள்: எங்கள் சக்தியைத் தவறாக மதிப்பிட்டோம்.

ஆகஸ்ட் 21. புதன்.

மழை. பால்வெட்டு பாதி நாள். சம்பளப் பட்டியலில் இரண்டு தடவை தப்பு, என் சரித்திரத்திலேயே முதல் முறை.

நான்கு மணிக்கு போன். லெக்சரர் ஒப்புக்கொண்டாராம். ஆனால் கையெழுத்தான திட்டத்தை மாற்றியதற்குத் தண்டனை: எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மூன்று பேருக்கும் 'ஏ' கிடையாது. முதல் வகுப்பு ரெ.க்கு இனி எட்டாது.

"ஏன் இவ்வளவு பெருசா எழுதுனீங்கன்னு கேட்டாரு. ஆசைல எழுதிட்டோம் சார்னேன். பெயில் இல்ல. அது போதும்" என்று வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 25. ஞாயிறு.

அக்கா வீட்டில் சாப்பாடு. கோழிக் குழம்பு. ரெ. வந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. முதல் வகுப்பு போன சேதி அக்காவுக்கு எட்டிவிட்டது. குழம்பு ஊற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்குடி அவ்வளவு பேராச? மூணு புள்ளைங்களும் மூளைய எங்க வச்சீங்க? பேசாம உங்க மாமாகிட்ட எழுதச் சொல்லியிருந்தா ஒழுங்கா எழுதிக் குடுத்திருப்பான்ல?"

ரெ. தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, நான்தான் எழுதுனேன்" என்றேன். "அவ குடுத்தது ரெண்டு. நான் எட்டாக்கிட்டேன். அவ மேல தப்பே இல்ல."

அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். "போடா! நீ கம்ப்யூட்டர் பிளான் போட்டியா? மருமகளக் காப்பாத்த இப்படியுமா புளுகுவ?"

இன்னும் இரண்டு தடவை சொன்னேன். சத்தியம் வைத்தேன். அவள் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பக்கத்து வீட்டு லூர்து அக்காவையும் கூப்பிட்டு, "இவன் என்ன சொல்றான் கேளு" என்றாள். ரெ. எழுந்து கை கழுவப் போனாள்.

தாளில் புகை வந்தது பொய். மானேஜர் இருமியது பொய். இந்த நோட்டில் இன்னும் என்னென்னவோ பொய். சாப்பாட்டு மேசையில் சொன்னது மட்டும் உண்மை.