ஊட்டியில் வேகாத பருப்பு

1972 மே 16, செவ்வாய்

ஊட்டியிலிருந்து நேற்றுத் திரும்பினோம். காலையில் பால்காரம்மா வாசலில் நின்று, "இன்னா மாமி, ஊட்டி எப்டி கீது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டார். "படகு, குதிரை, பூந்தோட்டம் எல்லாம் பேஷா இருந்தது. மூணு நாளும் பருப்புதான் வேகலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அடங்கவில்லை. கோயில் கைங்கரியம் பண்ணுகிறவர் ஓட்டலில் கை நனைக்க மாட்டார். அதற்காகத் திருவள்ளூரிலிருந்து ஸ்டவ்வையும் அரிசி பருப்பையும் மலைமேல் சுமந்தோம். விடியற்காலையில் காப்பி, பத்து மணிக்குச் சாப்பாடு, இவரும் குழந்தைகளும் படகு விட்டுத் திரும்பும்போது சூடாக டிபன். மண்ணெண்ணெய்ப் புகையில் நான் பார்த்த ஊட்டி, வாடகை அறையின் சமையல்கட்டுச் சுவர்தான். அவ்வளவு உயரத்தில் பருப்பு லேசில் வேகாது என்று பக்கத்து அறை மாமி சொன்னாள். அதை இவரிடம் சொன்னால், "சாக்கு சொல்லாதே" என்றார்.

ராத்திரி சாப்பிடும்போது புதிதாக ஒன்று ஆரம்பித்தார். டிசம்பரில் உறைபனி பார்க்க மறுபடியும் போகலாமாம். ஸ்டவ்வை மட்டும் நான் நன்றாகச் சுத்தம் பண்ணி வைக்க வேண்டுமாம்.

நாலு வயதுச் சின்னவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப நீயும் எங்களோட ஊட்டிக்கு வாயேம்மா."

அதற்கும் இவர் சிரித்தார்.