தேர்ச்சி பெற்ற காரின் சான்றிதழை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
பதிவுச் சான்றின்படி காரின் உரிமையாளர்,
இறக்கத்துத் தெரு, கடைசிக்கு முந்திய வீடு.

பெறுநர்:
தலைமை ஆய்வு அலுவலர்,
வாகனத் தகுதி ஆய்வு நிலையம்.

பொருள்: சென்ற வாரம் ஆண்டுத் தகுதி ஆய்வில் தேர்ச்சி பெற்ற எனது சாம்பல் நிறக் காரின் சான்றிதழை உடனே ரத்து செய்து, மறு ஆய்வுக்கு அழைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆய்வு நாளன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் பதிவு செய்கிறேன். சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை, தங்கள் நிலையத்தின் இரண்டாம் தடத்தில், ஆய்வாளர் முன்சக்கரத்தின் அருகே குந்தி அமர்ந்து டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்த டயரெல்லாம் இந்த வண்டியோடதுதானாம்மா?" என்று கேட்டார். "இல்லை" என்று நான் சொல்லவில்லை. "ஆமாம்" என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கோப்பைத் திறந்து எதையோ தேடுவது போல நின்றேன். பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. அவர் திரும்பினார். கேள்வி அத்துடன் போயிற்று.

2. அந்த நான்கு டயர்களும் எங்களுடையவை அல்ல. எங்கள் தெருமுனைப் பட்டறையில் அவற்றுக்குப் "பரீட்சை டயர்" என்று பெயர். யார் வண்டிக்கு ஆய்வு வந்தாலும் காலையில் மாட்டுவார்கள், மாலையில் கழற்றுவார்கள். அவற்றில் ஒன்றின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்ட் சிந்திய கறை இருக்கும். அந்தக் கறையைத் தங்கள் ஆய்வாளர்கள் இந்த ஆண்டு பல கார்களில் பார்த்திருக்கக்கூடும். பட்டறை மெக்கானிக் அண்ணன் கெட்டவர் அல்லர். இதற்காக யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. "நம்ம தெருவுல ஒரு வண்டிகூட ஃபெயில் ஆகக் கூடாது பாப்பா, அது நம்ம மானப் பிரச்சனை" என்பார்.

3. மற்ற எல்லாவற்றையும் நேர்மையாகவே செய்தோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் நிலையத்தின் கையேட்டை மூன்று முறை படித்தேன். வைப்பர் மாற்றினோம். ரிவர்ஸ் விளக்குக்குப் புது பல்பு போட்டோம். சைலன்சரின் துருப்பிடித்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தோம். பின்சீட்டுக்குள் புதைந்து கிடந்த சீட் பெல்ட்டை நான்தான் இழுத்து வெளியே எடுத்தேன். கூடவே அரை பென்சிலும் ஒரு சின்னச் சாக்ஸும் வந்தன. அப்பா வாசலில் நின்று, "கல்யாணப் பொண்ணைக்கூட இப்படி அலங்காரம் பண்ண மாட்டாங்க" என்று சிரித்தார். கடைசியாக, கையேட்டில் சொன்னபடி டயரின் பட்டன், அதாவது மேலுள்ள வரிப்பள்ளங்களின் ஆழத்தை அளக்க ஸ்கேலை வைத்தேன். அளக்க அங்கே எதுவும் இல்லை. நான்கும் மொட்டை. அப்பாவிடம் காட்டினேன். "முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டினவன் நான். ரோடு எனக்குத் தெரியும். டயருக்கு என்ன தெரியணும்?" என்றார். ஆய்வன்று காலை பரீட்சை டயர்கள் ஏறின; மாலையே பழைய மொட்டை டயர்கள் திரும்பி வந்தன.

4. கார் என் பெயரில் இருக்கிறது, ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுபவர் அப்பா. தினமும் காலையில் என் அக்காவின் குழந்தைகள் இருவரையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவரையும் அதில் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். பள்ளிக்குப் போகும் சாலை, எங்கள் தெருவிலிருந்து செங்குத்தாக இறங்கி, வாய்க்கால் ஓரத்தில் சட்டென்று திரும்புகிறது. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை முதல் மழை பெய்தது. அந்தத் திருப்பத்தில் பிரேக் பிடித்தபோது கார் நிற்காமல் வழுக்கி, அரை வட்டம் சுற்றி, வாய்க்காலைப் பார்த்து நின்றது. முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்ததாக அப்பா சொன்னார்.

குழந்தைகளுக்கு எதுவும் புரியவில்லை. அக்காவின் சின்ன மகள் கைதட்டி, "தாத்தா, இன்னொரு தடவை சுத்துங்க!" என்று கேட்டிருக்கிறாள். அப்பா இதை எங்களிடம் நகைச்சுவையாகச் சொன்னார். ஆனால் தேநீர் டம்ளரை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

5. புதன்கிழமை சாவியை ஒளித்து வைத்தேன். அவரிடம் இன்னொன்று இருந்தது. இன்று காலை இரண்டு டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் பத்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, "யாரோ விளையாட்டுப் பசங்க வேலை" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவிடம் பேசினேன். மருத்துவமனையில் அவளுக்குக் காலை ஏழு மணி ஷிப்ட். "அப்பா ஓட்டுற வண்டிக்கு என்னடி பயம்? அதான் பாஸ் ஆயிடுச்சே" என்று போனை வைத்துவிட்டாள். என்னால் தடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

6. இன்று மதியம் தங்கள் நிலையத்துக்கு நேரில் வந்தேன். தோல்வியை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் படிவம் இருப்பதாகவும், தேர்ச்சியை எதிர்த்துச் செய்யப் படிவம் எதுவும் இல்லை என்றும் சாளரத்தில் இருந்த எழுத்தர் தெரிவித்தார். "பாஸ் போட்டதுக்கு ஒருத்தங்க புகார் குடுக்க வந்திருக்காங்க, வந்து பாருங்கய்யா!" என்று அவர் உள்ளே குரல் கொடுத்ததும் மூவர் எழுந்து வந்து பார்த்தனர். வீட்டு விஷயத்தை வெளியில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அப்படியே வீடு திரும்பிவிட்டேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

7. சான்றிதழை ரத்து செய்வதால் டயர் புதிதாகிவிடாது என்று தாங்கள் கருதலாம். ஐயா, அப்பா என் பேச்சைக் கேட்பவர் அல்லர். காகிதத்தின் பேச்சைக் கேட்பவர். கம்பெனி ஓட்டுநராக இருந்தபோது, தம் உரிமம் முந்தைய நாள் காலாவதியானது தெரிந்ததும், காரில் ஏறி உட்கார்ந்திருந்த முதலாளியையே இறக்கி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர். இப்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தங்கள் நிலையத்தின் பச்சை ஒட்டுத்தாளைக் காட்டி, "பாரு, கவர்மெண்டே கையெழுத்துப் போட்டிருக்கு. உனக்கு மட்டும் என்ன?" என்கிறார். அந்தத் தாள் அங்கே இருப்பது என் மௌனத்தால். அது செல்லாது என்று ஒரு வரி வந்தால், அவர் அந்தக் கார்க் கதவைக்கூடத் திறக்க மாட்டார்.

8. எனவே, சான்றிதழை ரத்து செய்யும் உத்தரவைத் தபாலில் போடாமல் ஆள் மூலம், காலை ஏழரை மணிக்கு முன்பாக, அப்பாவின் கையில் கிடைக்கும்படி அனுப்பக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தண்டனை உண்டென்றால் அது எனக்கு. ஆய்வாளர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். மஞ்சள் கறை உள்ள டயர் அடுத்த முறை எந்தக் காரில் வந்தாலும், அதே கேள்வியை இரண்டாம் முறையும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு முறை கேட்டால் வாயை மூடிக்கொண்டு தப்பிவிட முடிகிறது.

இரண்டு நாட்களாகப் பள்ளியிலிருந்து தொலைபேசி வருமோ என்று எட்டரை மணி வரை கைபேசியைக் கையிலேயே வைத்திருக்கிறேன். வானிலை அறிவிப்பில் நாளையும் மழை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
வாகன உரிமையாளர்

நாள்: வியாழக்கிழமை மாலை
இடம்: வீடு

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை):
உறையில் இடாமல் இம்மனுவை மேசைமேல் வைத்திருந்தேன். காலையில் நான் எழுவதற்குள் அப்பா படித்திருக்கிறார். நான்காம் பத்தியில் "ஒரு சாண்" என்பதைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் "இடைவெளி இல்லை. சக்கரம் விளிம்பைத் தாண்டி நின்றது" என்று எழுதி, என் கையொப்பத்துக்குக் கீழே "ஓட்டுநர்" என்று தாமும் கையொப்பமிட்டிருக்கிறார். ஆகவே மறுபடி எழுதாமல் இதையே அனுப்புகிறேன். இன்று குழந்தைகள் நால்வரையும் இரண்டு குடைகளில் நடத்தி அழைத்துச் சென்றார். பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம்.